சமயபாட வேளை

யாழ்ப்பாணத்தில் நான் படித்த பாடசாலையில் சமயபாட வேளைக்கு மணி அடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். சைவப் பிள்ளைகள் இருந்த இடத்திலேயே இருப்போம். கத்தோலிக்கப் பிள்ளைகள் நால்வரும் புத்தகங்களை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போவார்கள். அங்கே என்ன படித்தீர்கள் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. இலங்கையில் சமயம் கட்டாய பாடம், ஆனால் அவரவர் தத்தம் சமயத்தை மட்டுமே படிப்பார்கள். சாதாரண தரப் பரீட்சையிலும் அப்படித்தான். சமயகுரவர் நால்வரின் வரலாறும் பதி, பசு, பாசம் பற்றிய விளக்கமும் எனக்கு மனப்பாடம். இஸ்லாத்தைப் பற்றி ஒரு வரிகூடத் தெரியாது.

2000 ஆம் ஆண்டு கோடையில் அம்மாவும் நானும் கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்தோம். எங்களுக்கு முன்னரே வந்திருந்த அப்பா என்னை ஒரு கத்தோலிக்க உயர்நிலைப் பாடசாலையில் சேர்த்தார். சைவப் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று அம்மா கேட்டதற்கு, சீருடை உண்டு, கட்டுப்பாடு உண்டு, காசு கட்டத் தேவையில்லை என்று மூன்று காரணங்களைச் சொன்னார். மூன்றாவதற்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. கனடா உருவான 1867 ஆம் ஆண்டின் அரசியலமைப்பே எங்கள் மாகாணமான ஒன்ராறியோவின் கத்தோலிக்கப் பாடசாலைகளுக்குப் பாதுகாப்பு வழங்கியது; மேல்வகுப்புகளுக்கும் முழுமையான அரச நிதி கிடைக்கத் தொடங்கியது 1985 இல்தான். உயர்நிலை வகுப்புகளில் பிற சமயத்துப் பிள்ளைகளும் சேரலாம். அப்பாவுக்கு இந்த வரலாறு ஒன்றும் தெரியாது. வேலைத்தலத்தில் ஒருவர் நல்ல பள்ளிக்கூடம் என்று சொன்னார், அவ்வளவுதான்.

அங்கே ஒவ்வோர் ஆண்டும் சமயபாடம் உண்டு. பதினோராம் தரத்தில் அது உலக சமயங்கள் என்ற பாடமாகிறது. (பொதுப் பாடசாலைகளில் இது விரும்பினால் எடுக்கும் பாடம், சமயங்களைப் பற்றிக் கற்பிக்கலாம், ஒரு சமயத்துக்குள் பிள்ளைகளை இழுக்கக் கூடாது என்று ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 1990 இல் தீர்ப்பளித்திருந்தது.) எங்கள் ஆசிரியை முதல் நாளே, கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல் பிற சமயங்களைப் பற்றி வெளியிட்ட பிரகடனத்தை வாசித்தார். அந்தச் சமயங்களில் உண்மையாகவும் புனிதமாகவும் இருக்கும் எதையும் திருச்சபை நிராகரிப்பதில்லை என்ற வாசகத்தைக் கேட்டபோது, பக்கத்து அறைக்குப் போன அந்த நால்வரின் நினைவு எனக்கு வந்தது.

இந்து சமயம் பற்றிய அத்தியாயத்தை நான் மிகுந்த நம்பிக்கையோடு திறந்தேன். நான்கு வேதங்கள், நான்கு ஆச்சிரமங்கள், நான்கு வருணங்கள், கங்கையில் நீராடும் ஒரு முதியவரின் படம். முருகன் இல்லை. தேவாரம் இல்லை. நல்லூரில் இருபத்தைந்து நாள் நடக்கும் திருவிழாவுக்கும் கந்தசஷ்டி விரதத்துக்கும் அந்தப் புத்தகத்தில் இடம் இருக்கவில்லை. ஆசிரியை என்னை எழுப்பி, உங்கள் வீட்டில் வேதங்களை எப்போது ஓதுவீர்கள் என்று அன்போடு கேட்டார். ஓதுவதில்லை என்றேன். என் சமயத்தில் எனக்கு ஏதோ குறைபாடு இருப்பதாக அவர் நினைத்திருக்க வேண்டும்.

வகுப்பில் இன்னோர் இந்துப் பெண் இருந்தாள். அவளுடைய குடும்பம் தென்னமெரிக்காவின் கயானாவிலிருந்து வந்தது. 1838 முதல் 1917 வரை இந்தியாவிலிருந்து அங்குள்ள கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் வழித்தோன்றல் அவள். அவர்கள் வீட்டு முற்றத்தில் மூங்கில் கம்புகளில் சிவப்பும் மஞ்சளுமாகக் கொடிகள் பறக்கும். பூசை முடிந்ததும் நடுவார்களாம், ஜண்டி என்று பெயர். நான் அப்படியொரு வழக்கத்தைக் கேள்விப்பட்டதே இல்லை. என் விபூதியைப் பார்த்து அது எதைச் சுட்ட சாம்பல் என்று அவள் கேட்டாள். ஒரே அத்தியாயத்துக்குள் எங்கள் இருவரையும் அடைத்திருந்த புத்தகத்தைப் பார்த்து இருவரும் சிரித்தோம். ஆனால் ஒருநாள், தன் அம்மம்மா கயானாவில் கும்பிட்ட தெய்வத்தின் பெயர் மாரியம்மா என்று அவள் சொன்னபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தமிழில் ஒரு சொல்லும் தெரியாத குடும்பத்தில், மதராஸிலிருந்து கப்பலேறிய யாரோ கொண்டுபோன பெயர் மட்டும் தப்பியிருந்தது.

அந்தக் கல்வியாண்டு, நியூயோர்க் இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்ட 2001 செப்டெம்பரில் தொடங்கியது என்பதால் இஸ்லாம் பற்றிய அத்தியாயம் வந்தபோது வகுப்பில் முணுமுணுப்பு இருந்தது. ஆசிரியை வாதாடவில்லை; எங்களை ரொறன்ரோவின் மேற்குப் பகுதியிலுள்ள ஜாமி பள்ளிவாசலுக்கு அழைத்துச் சென்றார். பிரெஸ்பிற்றேரியன் தேவாலயமாகக் கட்டப்பட்டு, 1969 இல் முஸ்லிம்கள் வாங்கிய செங்கல் கட்டிடம் அது. ஸ்காபரோவில் பண்டகசாலைகளுக்குள் எங்கள் கோயில்கள் இருப்பதைக் கண்டிருந்த எனக்கு அது வியப்பாக இருக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்க் கம்பளத்தில் அமர்ந்தபோதுதான், பதினேழு வயதுவரை ஒரு பள்ளிவாசலுக்குள் கால் வைத்ததில்லை, ஒரு முஸ்லிமோடு பேசிப் பழகியதும் இல்லை என்பது உறைத்தது. எங்கள் ஊரில் முஸ்லிம்கள் இல்லை என்றே நான் அதுவரை எண்ணியிருந்தேன்.

அன்று இரவு அம்மாவிடம் கேட்டேன். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்துவிட்டார். யாழ்ப்பாண நகரின் ஐந்துசந்திப் பக்கம் அவருடைய சட்டைகளைத் தைத்துக் கொடுத்தவர் ஒரு முஸ்லிம். 1990 ஒக்ரோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் இரண்டு மணித்தியால அவகாசமே கொடுக்கப்பட்டது. வடக்கு முழுவதிலுமாக 70,000க்கும் மேற்பட்டவர்கள் வீடுகளை விட்டுப் போனார்கள். அப்போது எனக்கு ஆறு வயது. பாடசாலையிலும் வீட்டிலும் இதைப் பற்றி எவரும் பிறகு பேசவில்லை.

"ரெண்டு சட்டைத்துணி அவரிட்டைக் குடுத்திருந்தனான்" என்றார் அம்மா. "அடுத்த கிழமை போனால் கடை திறந்தபடி கிடக்குது. மெஷின் இல்லை. என்ரை துணி மட்டும் வெட்டினபடி மேசையிலை இருந்தது."

எடுத்து வந்தீர்களா என்று கேட்டேன்.

"எடுத்தனான்" என்று சொல்லிவிட்டு அம்மா மீண்டும் வெங்காயத்தை வெட்டத் தொடங்கினார்.