ஈ-யா, எஃப்-பா?

அப்பச்சிக்குக் காலை நாலரை மணிக்குப் பாட்டுப் பெட்டி ஓடியாக வேண்டும். மெமரி கார்டு போட்டுக் கேட்கிற, செங்கல் அளவுப் பெட்டி. போன மாதம் பழைய கார்டு உயிரை விட்டது. காரைக்குடிக்குப் போய் 64 ஜிபி கார்டு வாங்கிவந்து பாட்டை எல்லாம் ஏற்றிக் கொடுத்தேன். பெட்டி வாயே திறக்கவில்லை.

கோளாறு கார்டில் இல்லை. 64 ஜிபி கார்டுகள், கோப்புகளை அடுக்கிவைக்க எக்ஸ்ஃபேட் என்ற அமைப்போடு வருகின்றன. எங்கள் பெட்டிக்குத் தெரிந்தது பழைய ஃபேட்32 மட்டும். சரி, மாற்றிவிடலாம் என்று விண்டோஸ் 10-இல் ஃபார்மேட் (கார்டைத் துடைத்துப் புதிதாக அமைப்பது) போனால், 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுக்கு அந்தத் தேர்வையே காட்டவில்லை. எதற்கு மல்லுக்கட்ட வேண்டும்? மேசை இழுப்பறையில் பழைய போனில் கிடந்த 16 ஜிபி கார்டு இருந்தது. அதைத் துடைத்துக் கொடுத்தால் போதும், அப்பச்சி பாட்டு மூன்று ஜிபிகூட வராது.

இங்கேதான் வினை. கம்ப்யூட்டரில் மாட்டும் கார்டு ரீடரில் இரண்டு துளை. ஒன்றில் கேமரா கார்டு முந்தின நாளிலிருந்தே செருகிக் கிடந்தது. திரையில் ஈ, எஃப் என்று இரண்டு டிரைவ், இரண்டும் 14 ஜிபி சொச்சம். (16 என்று விற்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024-ஆக எண்ணுகிறது. நம்மை யாரும் ஏமாற்றவில்லை.) எஃப்-இல் வலது கிளிக், ஃபார்மேட், ஃபேட்32, குவிக் ஃபார்மேட், ஸ்டார்ட். இரண்டு விநாடியில் முடிந்தது. அப்புறம் ஈ-யைத் திறந்தால் பழைய போனின் குட்மார்னிங் படங்கள் அத்தனையும் பத்திரமாகச் சிரிக்கின்றன.

எஃப்-தான் கேமரா கார்டு. போனது கானாடுகாத்தான் பெரிய வீட்டுப் படங்கள். பங்காளிகள் எல்லாரும் கூடினால்தான் அந்த வீட்டு இரண்டாம் கட்டு திறக்கும். பெட்டகத்திலிருந்து ஐயா கல்யாணத்து இசைகுடிமானத்தை எடுத்து, வளவில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து, ஓலை ஓலையாகப் படம் பிடித்திருந்தேன். இரு வீட்டாரும் எழுதிக்கொண்ட கல்யாண ஒப்பந்தம் அது. சாவி வைத்திருக்கும் சித்தப்பா மறுநாளே சென்னைக்குப் போய்விட்டார்.

என்னைக் காப்பாற்றியது அந்த ‘குவிக்’ டிக். பேரேட்டில் பெயர்ப் பட்டியல் ஏட்டை மட்டும் கிழித்துவிட்டு, உள்ளே கணக்கை அப்படியே விட்டது மாதிரி. டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் கொடுத்திருந்தால் விண்டோஸ் கார்டு முழுக்கப் பூஜ்யம் எழுதியிருக்கும், தலையில் துண்டுதான். செய்ய வேண்டியது ஒன்றுதான்: அந்தக் கார்டில் இனி ஒரு எழுத்துகூட எழுதக்கூடாது. பக்கவாட்டில் இருக்கும் குட்டி லாக் பொத்தானைக் கீழே தள்ளினேன். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை இறக்கி, மீட்ட படங்கள் ஹார்டு டிஸ்கில் விழும்படி அமைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனேன். காப்பி இறங்கவில்லை, அது வேறு.

படங்கள் வந்தன, பெயர் மட்டும் போச்சு. எஃப் என்ற எழுத்தும் பின்னால் நீள எண்ணுமாக முந்நூற்றுச் சொச்சம். எடுத்த தேதி படத்துக்குள்ளேயே பதிவாகியிருப்பதால் வரிசைப்படுத்திக்கொண்டேன். ஓலைகளில் ஒன்று மட்டும் பாதிக்கு மேல் சாம்பல் நிறமாக வந்தது. சித்தப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஈ-யை மூன்று தரம் பார்த்து ஃபார்மேட் செய்து, பெயர்க் கட்டத்தில் ஆங்கில எழுத்தில் ‘பாட்டு’ என்று அடித்து, அப்பச்சியிடம் கொடுத்தேன். மறுநாள் நாலரைக்குப் பாடியது. அஞ்சு மணிக்கு என்னை எழுப்பினார்கள்.

“ஏப்பா, பிள்ளையார் பாட்டு மூணாவதா வருதே?”

பெயர் வரிசையெல்லாம் இந்தப் பெட்டிக்குக் கணக்கில்லை. கார்டில் எது முதலில் ஏறியதோ அதைத்தான் முதலில் பாடும். மறுபடி ரீடர், மறுபடி ஃபார்மேட். கேமரா கார்டை அதற்கு முன்னாலேயே கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். பிள்ளையாரை முதலில் ஏற்றி, முருகனை அடுத்து, ஒவ்வொன்றாக.