இதரம் 320

கோவையில் ஹோம் சயின்ஸ் சேர்ந்தபோது சொந்தத்தில் ஒருத்தர் விடாமல் கேட்டது ஒரே கேள்விதான்: "சோறாக்கப் படிக்கவா காலேஜுக்கு அனுப்பறீங்க?" சமையல் எனக்கு இன்றைக்கும் சுமார். மூன்று வருடத்தில் எனக்குப் பிடித்துப்போனது ஃபேமிலி ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட், அதிலும் குடும்பப் பொருளாதாரம். வருமானம், கடன், சேமிப்பு, வாங்கும் பொருளில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா, ஏமாந்தால் எங்கே புகார் கொடுப்பது, எல்லாம் அதில் வரும்.

இரண்டாம் வருடம், 2009. ஒரு மாதத்துக்கு வீட்டு வரவு செலவு எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். அச்சடித்த படிவம், கீழே 'குடும்பத் தலைவர் கையொப்பம்'. அப்பாவுக்கு உடுமலைப் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் வேலை, சம்பளம் 8,000. அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். அரிசி, பருப்பு, எண்ணெய், பால், காய் எல்லாம் சேர்த்து 4,300. கிட்டத்தட்ட 54 சதவீதம்.

இந்த சதவீதத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. எர்ன்ஸ்ட் ஏங்கல் என்ற ஜெர்மன் புள்ளியியலாளர் பெல்ஜியத்துத் தொழிலாளர் குடும்பங்களின் கணக்குகளைப் பார்த்துவிட்டு 1857-இல் ஒன்று சொன்னார்: வருமானம் ஏற ஏற, அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு குறையும். (காரல் மார்க்ஸின் நண்பர் வேறு ஏங்கல்ஸ். பரீட்சையில் அவர் பெயரை எழுதிவிட்டு வந்தவள் எங்கள் வகுப்பில் இருந்தாள்.) 2022-23 கணக்கெடுப்பில் இந்தியக் கிராமங்களில் மொத்தச் செலவில் சாப்பாட்டின் பங்கு சுமார் 46 சதவீதம், நகரங்களில் 39.

சரி, எங்கள் வீட்டுக் கணக்குக்கு வருகிறேன். கூட்டினால் 7,680. மீதி 320 எங்கே? பஸ் சார்ஜ், அப்பாவின் டீ, கோயில் உண்டியல் எல்லாம் மறுபடி கேட்டாயிற்று. மூன்றாம் நாள் ராத்திரி அம்மா அடுப்படிக்குக் கூப்பிட்டு, மேல் தட்டிலிருந்து கொள்ளு டப்பாவை இறக்கினாள். கொள்ளுக்கு அடியில் பால் கவருக்குள் சுருட்டி வைத்த நோட்டுகள். சிறுவாடு.

"இதைய எழுதீறாத. அப்பா கையெழுத்துப் போடோணும்ல."

படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லை. 'சேமிப்பு' என்ற இடத்தில் வங்கி, அஞ்சலகம், சீட்டு, இவ்வளவுதான். 'இதரம் 320' என்று எழுதிவிட்டேன். மேடம் சிவப்பு மையில் வட்டம் போட்டு இரண்டு மார்க் குறைத்தார். அவர் வீட்டிலும் ஒரு டப்பா இருந்திருக்கும் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

அப்புறம் பாடத்தில் மார்கரெட் ரீட் வந்தார். அமெரிக்கப் பொருளாதார அறிஞர். கூலி கொடுத்து இன்னொருவரைச் செய்யச் சொல்லக்கூடிய எந்த வீட்டு வேலையும் உற்பத்திதான் என்று 1934-லேயே எழுதியவர். அதைப் படித்த வாரம் அம்மாவின் ஒரு நாளைக் கடிகாரம் வைத்துக் குறித்தேன். காலை ஐந்து மணியிலிருந்து ராத்திரி பத்து வரை, உட்கார்ந்த நேரம் ஒன்றரை மணி. அதிலும் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தலைக்கனம் ஏறியது தவணைப் பாடத்தில்தான். எங்கள் ஃபிரிட்ஜ் 12,000 கடனில் வாங்கியது. 12 சதவீத வட்டி, மாதம் 1,120 வீதம் 12 தவணை. அம்மாவை உட்காரவைத்து விளக்கினேன்: "மாசாமாசம் அசல் குறையுது. ஆனா வட்டிய மட்டும் முழு 12,000-க்கும் போட்டிருக்காங்க. நெசமான வட்டி வருஷத்துக்கு 21 சதவீதத்துக்கு மேல. ஏமாந்துட்டோம்."

அம்மா கொஞ்ச நேரம் விரல்விட்டு எண்ணினாள்.

"மாசத்துக்கு நூத்துக்கு எவ்வளவு ஆகுது?"

"ஒண்ணே முக்கால் ரூபா. கொஞ்சம் கூட இருக்கும்."

"அப்ப பரவால்ல. பக்கத்து வீட்டு அக்காளுக்கு நான் ரெண்டு வட்டிக்கில்ல குடுத்திருக்கறேன்."