வீட்டு ஒலிப்பதிவுக்கு டெபியன் 13: சுற்றுத் தாமதத்தை அளந்து எடுத்த முடிவு

48 கிலோஹேர்ட்ஸ், 128 பிரேம் பஃபர் (பிரேம் என்பது ஒலியின் ஒரு மாதிரி; பஃபர் என்பது கணினி ஒரு தடவையில் கையாளும் பிரேம்களின் தொகுதி). இந்த அமைப்பில் தம்புரா, மிருதங்கம், வயலின், குரல் என்று ஒரு முழு வர்ணத்தையும் தடம் தடமாகப் பதிந்து முடித்தபோது, பதிவு மென்பொருளான ஆர்டோரின் மேற்பட்டையில் எக்ஸ்ரன் (கணினி நேரத்துக்கு முடிக்காமல் ஒலி அறுபடுவது) எண்ணிக்கை பூச்சியத்திலேயே நின்றது. கணினி ஒன்றும் புதியதல்ல. 8 ஜிபி நினைவகம் உள்ள பழைய ஐ5 மடிக்கணினிதான். இசைக்கென்றே தயாரித்து வழங்கப்படும் லினக்ஸ்களில் சிலவற்றையும் இதே இயந்திரத்தில் ஓடவிட்டுப் பார்த்த பிறகு, வெறும் டெபியன் 13 இல் இந்த நிலையை எட்டியிருக்கிறேன் என்பதை மகிழ்ச்சியோடு சொல்கிறேன்.

எந்த லினக்ஸ் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் எதில் சத்தம் நன்றாக இருக்கும் என்ற எண்ணத்தோடு கேட்கிறார்கள். சத்தம் எல்லாவற்றிலும் ஒன்றுதான். உபுண்டு ஸ்டூடியோ, ஃபெடோரா ஜாம், ஏவி லினக்ஸ் ஆகிய எதை எடுத்தாலும் அடியில் இருப்பது அதே கேர்னலும் (இயங்குதளத்தின் கரு) ஒலிச் சாதனங்களை இயக்கும் அதே ஆல்சா டிரைவர்களும். மேலே ஓடுவதும் அதே ஆர்டோர், அதே செருகுநிரல்கள். வேறுபடுவன இரண்டு: தொடக்கத்திலேயே செய்து தரப்படும் அமைவுகள், ஒரு பதிப்பு எவ்வளவு காலம் மாறாமல் நிற்கும் என்பது. உபுண்டு ஸ்டூடியோ 2007 முதல் வருகிறது. அதன் நீண்டகாலப் பதிப்புக்கு 3 ஆண்டுகளும் இடைப்பட்ட பதிப்புகளுக்கு 9 மாதங்களும் ஆதரவு உண்டு. ஃபெடோராவின் ஒரு பதிப்பு ஏறக்குறைய 13 மாதங்கள் உயிரோடு இருக்கும். டெபியன் 13 வெளியானது 2025 ஓகஸ்டில். 3 ஆண்டுகள் முழு ஆதரவும், அதன்பின் 2 ஆண்டுகள் நீட்டித்த ஆதரவும் கிடைக்கும். ஒரு கீர்த்தனையைப் பாதியில் நிறுத்திவிட்டு, பாடுகிற பிள்ளை பரீட்சை முடித்து வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்கிற என்னைப் போன்றவருக்கு, அந்தக் கோப்பு மறுபடி திறக்கும்போது அன்று இருந்தபடியே ஒலிக்க வேண்டும் என்பதே முதல் தேவை. அந்தத் தேவைக்குத்தான் டெபியனைத் தேர்ந்தேன். இன்றிரவே பதியத் தொடங்க வேண்டும் என்பவருக்கு நான் உபுண்டு ஸ்டூடியோவையோ ஏவி லினக்ஸையோதான் சொல்வேன். தரவிறக்க அளவைப் பற்றிக் கவலைப்படுபவர் மட்டும், உபுண்டு ஸ்டூடியோவின் நிறுவுகோப்பு 5 ஜிபிக்கும் மேல், டெபியனின் வலைவழி நிறுவுகோப்பு 1 ஜிபிக்கும் குறைவு என்பதைக் கணக்கில் எடுக்கலாம்.

அந்த ஆயத்த அமைவுகளை டெபியனில் கையால் செய்வது ஒரு மாலைநேர வேலை. பயனரை ஓடியோ குழுவில் சேர்த்து, அந்தக் குழுவுக்கு நிகழ்நேர முன்னுரிமை 95 வரையும் நினைவகப் பூட்டு வரம்பின்றியும் அனுமதித்தேன். கேர்னலின் தொடக்க வரியில் அவசர வேலை வந்தால் ஓடுவதை உடனே நிறுத்தி இடம்கொடுக்கும் முழு முன்னுரிமை மாற்றத்தையும், வன்பொருளின் குறுக்கீடுகளைத் தனி இழைகளாக்கும் தெரிவையும் சேர்த்தேன். ஆர்டிசிகியூஎஸ் என்ற சிறிய பைத்தான் நிரல் எது சரி, எது விடுபட்டது என்று வரிவரியாகச் சொல்லிவிடும் என்பதால் இதில் தடுமாற எதுவும் இல்லை.

உண்மையான வேலை சுற்றுத் தாமதத்தை, அதாவது ஒலி கணினிக்குள் போய்த் திரும்பி வர எடுக்கும் நேரத்தை, அளப்பதில் இருக்கிறது. 128 பிரேம் என்றால் 2.67 மில்லிசெக்கன், போக வர 5.33 மில்லிசெக்கன் என்று கணக்குப் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்வதைப் பலரிடம் காண்கிறேன். அந்த எண்ணில் இன்டர்ஃபேசின் (மைக்கையும் ஹெட்போனையும் கணினியோடு இணைக்கும் பெட்டி) மாற்றிகள் எடுக்கும் நேரமும் இல்லை, யூஎஸ்பி வழியில் கழியும் நேரமும் இல்லை. இயந்திரத்திடம் கேட்காமல் கம்பியிடம் கேட்க வேண்டும். இன்டர்ஃபேசின் முதலாம் வெளியீட்டிலிருந்து முதலாம் உள்ளீட்டுக்குக் கால் அங்குல டிஆர்எஸ் கம்பி ஒன்றைக் கொடுத்து, உள்ளீட்டை வாத்திய நிலையிலிருந்து லைன் நிலைக்கு மாற்றி, கண்டென்சர் மைக்குக்கான 48 வோல்ட் மின்சாரத்தை நிறுத்தி, நேரடிக் கேட்பு பொத்தானையும் கட்டாயம் அணைத்துவிட வேண்டும். அந்தப் பொத்தான் இயக்கத்தில் இருந்தால் உள்ளே வந்த ஒலி மென்பொருளைத் தொடாமலே வெளியே போய் மறுபடி உள்ளே வரும். அதன்பின் வருகிற எந்த எண்ணையும் நம்ப முடியாது.

பிறகு தாமதத்தை அளக்கும் ஜாக் ஐஓடிலே நிரலை, லினக்ஸில் ஒலியைக் கையாளும் சேவையான பைப்வயரின் ஜாக் உறையினூடாக (ஜாக் என்பது அதற்கு முந்தைய ஒலிச் சேவை) ஓடவிட்டு, இணைப்புகளைப் படமாகக் காட்டும் கியூபிடபிள்யூகிராஃபில் உள்ளீட்டையும் வெளியீட்டையும் கோடிழுத்து இணைத்தேன். முதலில் ஒலிமட்டம் போதாது என்ற வரியே மேலும் மேலும் வந்துகொண்டிருக்கும். கெயினை மயிரிழை மயிரிழையாகக் கூட்டினால் ஓரிடத்தில் எண்கள் வரத் தொடங்கும். எண்ணின் பின்னால் கேள்விக்குறி இருந்தால் அளவு இன்னும் உறுதியாகவில்லை என்று பொருள், ஆகவே அது மறையும்வரை பொறுமை வேண்டும். பைப்வயரின் வழக்கமான சாதன அமைப்பில் எனக்கு வந்தது ஏறக்குறைய 760 பிரேம், அதாவது 16 மில்லிசெக்கனை நெருங்கிய தாமதம். ஒலிக் கட்டுப்பாட்டுச் சாளரத்தின் அமைவுப் பகுதியில் அதே சாதனத்தை ப்ரோ ஓடியோ நிலைக்கு மாற்றிய மறுகணம் அது 437 பிரேமுக்கு, 9.1 மில்லிசெக்கனுக்கு இறங்கியது. பஃபரும் கம்பியும் அப்படியே இருந்தன. ப்ரோ ஓடியோ நிலையில் பைப்வயர் தன் கடிகாரத்தைக் கொண்டு ஊகிப்பதை விட்டு, ஜாக் செய்ததைப் போல வன்பொருளின் குறுக்கீட்டையே பின்பற்றுகிறது. கேட்டுக்கொண்டே வாசிப்பதற்கு இந்த ஒரு தெரிவு, எந்த லினக்ஸைப் போடுவது என்பதைவிடப் பெரியது.

இந்த வேறுபாட்டை எண்ணைப் பாராமலே உணர்ந்தவள் என் பெறாமகள். முன்பு ஹெட்போனைப் போட்டு வயலினில் இரண்டாம் காலத்துக்குப் போனதும், “சித்தப்பா, நான் வில் போட்டாப் பிறகுதான் சத்தம் வருது” என்று நிறுத்திவிடுவாள். 9.1 மில்லிசெக்கன் என்பது யாழ்ப்பாணத்து வெயிலில் ஒலி மூன்று மீற்றரும் கொஞ்சமும் கடக்கிற நேரம். கோயில் வீதியில் நாதசுரத்துக்கும் சற்றுத் தள்ளி நிற்கிற தவிலுக்கும் இடையே இருக்கிற இடைவெளி அது. அந்த அளவில் அவள் ஒன்றும் சொல்லவில்லை, வாசித்து முடித்தாள்.

அளவு அங்கேயே முடியவில்லை. அதே நிரல், பைப்வயருக்குத் தெரியாமல் 181 பிரேம் மேலதிகமாகக் கழிகிறது என்றும் அதைப் பாதியாக்கி இருபுறமும் 90 என்று கொடுக்கும்படியும் சொல்கிறது. இதைக் கொடுக்காவிட்டால் மேலே பதிகிற ஒவ்வொரு தடமும் முதல் தடத்துக்கு ஏறக்குறைய 3.8 மில்லிசெக்கன் பின்னால் போய் உட்காரும். வயலினில் அது காதுக்குப் படாது. ஆனால் பாடும்போது ஹெட்போனிலிருந்து கசிகிற மிருதங்கம் குரல் மைக்கிலும் விழுகிறது; அந்தக் கசிவு மூலத் தடத்தோடு 3.8 மில்லிசெக்கன் பிந்திச் சேர்ந்தால் 132 ஹேர்ட்ஸ் அளவில் இரண்டும் எதிரெதிராக நின்று மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியின் ஆழ்ந்த கும்கி நாதத்தை மெலிய வைக்கும். பைப்வயரின் சாதனங்களை நிர்வகிக்கும் வயர்பிளம்பரின் அமைவுக் கோப்பில் இந்தச் சாதனத்தின் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் உள்ளகத் தாமதம் 90 பிரேம் என்று எழுதி, மறுபடி அளந்தபோது மேலதிகம் 1 பிரேமாகக் குறைந்திருந்தது. அந்த ஒற்றை இலக்கத்தைத் திரையில் பார்த்த நிறைவை வேறொரு லினக்ஸும் எனக்கு ஆயத்தமாகத் தந்திருக்க முடியாது, ஏனென்றால் அது என் கம்பிக்கும் என் இன்டர்ஃபேசுக்கும் மட்டுமே உரிய எண்.

கம்பியைப் பற்றி ஒரு வார்த்தை. யாழ் நகரத்துக் கடைகளில் கால் அங்குலக் கம்பி என்று கேட்டால் கிற்றாருக்கான ஒற்றை வளையக் கம்பியைத்தான் முதலில் நீட்டுவார்கள்; இரண்டு கறுப்பு வளையம் உள்ளதா என்று முனையைப் பார்த்தே வாங்க வேண்டும். கொழும்புக்குப் போகிறவர் யாராவது இருந்தால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் தேடச் சொல்வது நல்லது. இன்டர்ஃபேஸ் வாங்குபவர்கள் யூஎஸ்பி வகுப்புத் தரத்துக்கு (கிளாஸ் கம்ப்ளையண்ட்) இணங்கியதா என்று மட்டும் உறுதிப்படுத்திக்கொண்டால் லினக்ஸில் தனி டிரைவர் எதுவும் தேவைப்படாது.

எங்கள் ஊருக்கே உரிய சிக்கல் வெப்பமும் மின்சாரமும். சிபியூவை எப்போதும் உச்ச வேகத்தில் வைத்தால் எக்ஸ்ரன் குறைகிறது. ஆனால் கூரை விசிறியை நிறுத்திவிட்டுக் கதவையும் சாத்திய அறையில் மடிக்கணினியின் சிறுவிசிறி இரைய, அந்த இரைச்சல் கண்டென்சர் மைக்கில் முழுதாகப் பதிகிறது. கணினியை விறாந்தையில் வைத்து, யூஎஸ்பி 2 இன் எல்லையான 5 மீற்றருக்குள் நிற்கும் கம்பியொன்றால் அறைக்குள் இருக்கும் இன்டர்ஃபேசோடு இணைத்திருக்கிறேன். மின்வெட்டு வரும்போது பற்றரிக்கு மாறிய கணத்திலேயே மின்சேமிப்பு நிரல் சிபியூவின் வேகத்தைக் குறைத்துவிடும், எக்ஸ்ரன்கள் அந்த நொடியில்தான் கொத்தாக விழும். அந்த நிரலை அகற்றி, வேகத்தைத் தொடக்கத்திலேயே நிலைப்படுத்திய பிறகு பற்றரியிலும் பதிவு குலைவதில்லை. சொல்லப்போனால் நிலத்தொடுப்புச் சரியில்லாத பழைய வீடுகளில் பற்றரியில் பதிவதே சிறந்தது, ஏனென்றால் 50 ஹேர்ட்ஸ் இரைச்சலின் பெரும்பகுதி செருகியைக் கழற்றியதுமே போய்விடும்.

அவசர வேலைகளை உரிய நேரத்துக்குள் கவனிக்கும்படி மாற்றப்பட்ட நிகழ்நேரக் கேர்னலையும் போட்டுப் பார்த்தேன். இருபது ஆண்டுகளாகத் தனித் திருத்தமாக வளர்ந்துவந்த அந்த வேலை 2024 இல், 6.12 ஆம் பதிப்பில், மூலக் கேர்னலோடு சேர்ந்தது. டெபியன் 13 இல் இருப்பதும் அதே 6.12 என்பதால் ஆயத்தப் பொதியாகவே கிடைக்கிறது. 128 பிரேமில் சாதாரணக் கேர்னலுக்கும் அதற்கும் எனக்கு ஒரு வேறுபாடும் தெரியவில்லை. 64 பிரேமில் மட்டும் அது தெளிவாக முந்துகிறது, சுற்றுத் தாமதமும் 6.4 மில்லிசெக்கனுக்கு அண்மையில் வருகிறது. ஆனால் எதிரொலிப்புச் செருகுநிரல் ஒன்றைச் சேர்த்ததும் இந்தச் சிபியூ மூச்சுவாங்குகிறது. குரலுக்கும் வயலினுக்கும் 128 போதும் என்று அதோடு விட்டிருக்கிறேன்.

64 பிரேம் வேலையை முடிக்காமலே மனம் தவிலுக்குப் போய்விட்டது. தவிலுக்குப் பேர்போன அளவெட்டியும் இணுவிலும் இருக்கிற மண்ணில் இருந்துகொண்டு மிருதங்கத்தோடு நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. கழி விழுகிற இடது பக்கத்துக்கு டைனமிக் மைக் ஒன்றும், விரற்கூடு படுகிற வலந்தலைக்குச் சற்று எட்ட இன்னொன்றுமாக, உச்சம் மைனஸ் 12 டெசிபெலைத் தாண்டாதபடி 24 பிட்டில் பதிவதாக எண்ணியிருக்கிறேன். தவிலோசை அத்தனை திடீரென எழுவதால் இரண்டு மைக்குகளுக்கும் இடையிலான தூரத்தையும் பிரேம் கணக்கில் அளந்து ஈடுசெய்ய வேண்டியிருக்கும். அந்தப் பதிவு முடியும்வரை இந்தக் கணினியில் பாதுகாப்புத் திருத்தங்களைத் தவிர வேறெதையும் மேம்படுத்தப் போவதில்லை. கேர்னலையும் பைப்வயரையும் பொதி மேலாளரில் பூட்டி வைத்திருக்கிறேன்.