எண்ணியது 43, வாட்ச் சொன்னது 71

நேற்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நாடியைத் தொடாமல் இதயத் துடிப்பை எண்ண முடிகிறதா என்று பார்த்தேன். ஒரு நிமிடத்தில் 43. வாட்ச்சோ 71 என்றது! சரி, பலருக்கும் இதே கதிதான். 1981இல் ஷான்ட்ரி என்ற ஜெர்மன் உளவியலாளர் இதையே சோதனையாக வைத்தார்.

ஒவ்வொரு துடிப்புக்கும் பெருந்தமனியின் வளைவும் கழுத்துத் தமனியும் லேசாக விரியும். அங்குள்ள நரம்பு முனைகள் அந்த இழுப்பை உணர்ந்து மூளைத்தண்டுக்குச் சேதி அனுப்பும். அப்புறம் தலாமஸ் என்ற மூளையின் இடைநிலையம் வழியாக, உடலின் உள்நிலையை உணரும் இன்சுலா என்ற மூளைப் பகுதிக்கு. தலையில் மின்முனை ஒட்டி, நூற்றுக்கணக்கான துடிப்புகளைச் சராசரி எடுத்தால், இதயத்துக்குப் பதில் சொல்லும் ஒரு சின்ன மூளை அலை தெரியும்.

சேதி போய்க்கொண்டேதான் இருக்கிறது. எனக்குத்தான் சொல்வதில்லை, கள்ள மூளை! இடது பக்கம் திரும்பிப் படுத்தால் மட்டும் தலையணைக்குள் தொம் தொம் என்று கேட்கிறது.