நான்கு காரணங்கள் தருக

28 நவம்பர் 2025, வெள்ளி

டித்வா புயல். மலைநாட்டில் மண்சரிவாம். பதுளைக்கு லைன் கிடைக்கவில்லை. சித்திக்கு அடித்தேன், சித்தப்பாவுக்கு அடித்தேன், கோயில் பூசாரிக்கும் அடித்தேன்.

30, ஞாயிறு

இங்கே கொழும்பில் களனி ஆறு பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் வீடுகளுக்குள் புகுந்துவிட்டது. என் ஒன்பதாம் வகுப்புக்கு அங்கிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். கை சும்மா இருக்கமாட்டாமல் அலகுப் பரீட்சைத் தாள்களை எடுத்தேன். ‘மண்சரிவுக்கான காரணங்கள் நான்கு தருக.’ கடும் மழை, செங்குத்துச் சரிவு, காடழிப்பு, முறையற்ற கட்டுமானம். தாளுக்குத் தாள் அதே நான்கு, அதே வரிசையில். முழுப் புள்ளி போட வேண்டியதுதான். பாதியில் மூடிவைத்துவிட்டேன்.

1 டிசம்பர்

இல்லை.

2, செவ்வாய்

சித்தி பேசினார்! யாருடைய போனிலிருந்தோ. “கோயில்ல இருக்கோம் புள்ள, எல்லாரும் இருக்கோம்.”

சிவப்பு எச்சரிக்கை, அதாவது வீட்டை விட்டு வெளியேறு என்பது, அவர்கள் காதுக்கு எட்டவே இல்லை. கரண்ட் இல்லை. “ஊத்துத் தண்ணி கலங்கலா வந்திச்சு. பாத்ததும் எனக்கு வயிறு கலங்கிப்போச்சு. சோறு அடுப்புல, அப்பிடியே விட்டுட்டுப் புள்ளைகள இழுத்துக்கிட்டு ஓடியாந்துட்டோம்.” தெளிந்த ஊற்று திடீரென்று கலங்குவது மண்சரிவின் முன்னறிகுறி. அதை நானும் கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன், பிள்ளைகளும் கொப்பியில் இறக்கியிருக்கிறார்கள். சித்தி படித்தது ஐந்தாம் வகுப்பு.

5, வெள்ளி

ஜூமில் ஒரு பயிற்சிக் கூட்டம். பாடசாலை திறந்ததும் ஒரு பாடவேளை பிள்ளைகளின் மனவெழுச்சிகளைக் கவனியுங்கள், பிறகு வழமையான பாடத்துக்குப் போங்கள் என்றார்கள். படம் வரையவைக்கலாமாம். வரையட்டும், நல்லதுதான். ஆனால் அந்த ‘பிறகு’ எனக்குத் தொண்டையில் சிக்கிவிட்டது. பயத்தை ஒரு மணியோடு துடைத்துவிட்டு எந்தப் பாடத்துக்குப் போவது? மண்சரிவுப் பாடத்துக்கா?

இந்தோனேசியாவில் சிமெலு என்று ஒரு தீவு. 1907இல் ஆழிப்பேரலை அடித்து ஊரையே வாரிக்கொண்டு போனது. மிஞ்சியவர்கள் அதைத் தாலாட்டாக்கினார்கள்: நிலம் குலுங்கி, கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு. 2004இல் பூகம்பம் அவர்கள் காலடியிலேயே வந்தது. ஏறத்தாழ 78,000 பேரில் செத்தது 7 பேர். இங்கே இலங்கையில் 30,000க்கும் மேல். அந்தப் பாட்டில் தகவல் ஒரு வரிதான். செத்துப்போன பாட்டன் பூட்டனின் அச்சத்தோடு சேர்த்துப் பாடியதால்தான் அந்த ஒரு வரி கால்களை ஓடவைத்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

2021இல் பத்து நாடுகளில் 16 முதல் 25 வயதுவரை 10,000 பேரிடம் காலநிலை பற்றிக் கேட்டார்கள். 59 சதவீதம் பேர் கடுமையாகக் கவலைப்படுகிறார்கள். இந்தியா அந்தப் பட்டியலில் இருந்தது, நாம் இல்லை. நம்மைக் கேட்டிருந்தாலும் இதைவிடக் குறைவாகவா சொல்லியிருப்போம்? கவலையை நாங்கள் வகுப்புக்குக் கொண்டுவரத் தேவையில்லை, அது பையோடு வருகிறது. அதற்குப் பாடத்தில் ஒரு வேலை கொடுக்கிறோமா என்பதுதான் என் சண்டை.

தலையிடி. ஒரு பிளேன்டீ போட்டுக் குடித்துவிட்டுப் படுக்கிறேன்.

9, செவ்வாய்

வட்சப்பில் ஒரு பிள்ளையின் குரல்: “டீச்சர், டித்வான்னா என்ன?” யேமனின் சொகோத்ரா தீவில் கடலோரமாக உள்ள ஒரு களப்பு, அதன் பெயரைத்தான் புயலுக்கு வைத்திருக்கிறார்கள் என்றேன். “களப்பா? அதுக்கு அந்தப் பேரா?” கோபம் வந்துவிட்டது அவளுக்கு. எனக்குச் சிரிப்பு. எத்தனை நாளைக்குப் பிறகோ.

16, செவ்வாய்

பாடசாலை திறந்தது. வெல்லம்பிட்டிப் பையன் வந்திருந்தான். வெள்ளைச் சட்டையில் பொக்கற்றுக்கு மேலே ஒரு பழுப்புக் கோடு, எத்தனை துவைத்தாலும் போகாதது. தாள்களைக் கொடுத்தேன். தன் தாளைப் பார்த்துவிட்டு எழும்பினான்.

“டீச்சர், முறையற்ற கட்டுமானம்னு எழுதினதுக்கு சரி போட்டிருக்கீங்க. யார் முறையில்லாமக் கட்டினது?”

வகுப்பு பிடித்துக்கொண்டது. ஆற்றங்கரையில் ஏன் இருக்கிறீர்கள் என்றாள் ஒருத்தி. வேறெங்கே வாடகை கட்டுப்படியாகும் என்று கத்தினான். பிறகு மலையகம் வந்தது. தோட்டத் தொழிலாளர் இருக்கும் வரிசை வீடு, அந்த லயம், தோட்டத்துக்குச் சொந்தம், இருப்பவர்களுக்குச் சொந்தக் காணி இல்லை, சிவப்பு எச்சரிக்கைக்குப் பிறகு எங்கே போவது? ஒருத்தி அழுதுகொண்டே கேள்வி கேட்டாள். நிறுத்தச் சொல்லவில்லை. மணி அடித்தும் யாரும் எழும்பவில்லை. கரும்பலகையில் காரணங்கள் பதினொன்று. புள்ளித் திட்டத்தில் இருப்பவை நான்கு.

பக்கத்து வகுப்பிலிருந்து சத்தம் அதிகம் என்று முறைப்பாடு.

17, புதன்

லயத்துக்குத் திரும்பலாமா என்று சித்தி கேட்கிறார். கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து ஆள் வந்து பார்த்துச் சொல்ல வேண்டுமாம், இன்னும் வரவில்லை. கொழும்புக்கு வாங்களேன் என்றேன். “வந்து?” என்றார்.