உட்கார்ந்த இடத்திலேயே உளி வேலை

வீல்சேரில் இருந்தபடியே மரம் செதுக்கலாம், தாராளமா. செங்கோட்டை, புளியரைப் பக்கம் இருக்கிறவங்க அறுப்பு மில்லில் குமிழ் மரத் துண்டு கேளுங்க. தேக்கைவிட மெத்துனு வெட்டுப்படும். 6 அங்குல நீளம், 2 அங்குலக் கனம் போதும். சந்தனக்கட்டை யாராவது நீட்டினா வேண்டாம், வனத்துறை வம்பு.

கட்டையைத் தொடையில வச்சுச் செதுக்கவே கூடாது. காலில் உணர்ச்சி குறைஞ்சவங்களுக்கு உளி கீறினாலும் தெரியாது, ரத்தத்தைப் பார்த்தாத்தான் தெரியும். பிரேக்கைப் போட்டு, முழங்கைக்குச் சற்றுத் தாழ்ந்த மேசையில சி-கிளாம்ப் (C வடிவ இறுக்கி) வச்சுக் கட்டையை இறுக்குங்க. மடியில தடித்த தோல் ஒண்ணு.

சிராய் பிளந்துகிட்டே உள்ளே இறங்குதா? மர ரேகைக்கு, அதாவது நார் ஓடுற போக்குக்கு, எதிரா போறீங்க, மறுபக்கத்திலிருந்து சீவுங்க. மழுங்கின உளி அழுத்த அழுத்த வழுக்கும். பழைய தோல் பெல்ட்டில் 20 நிமிஷத்துக்கு ஒருதரம் தீட்டுங்க.