காய்கறிக்குத் தள்ளுபடி: எல்லாம் கல்லாவில்தான் இருக்கிறது

அமெரிக்காவில் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான அரசு உணவு உதவிக்கு ஸ்னாப் என்று பெயர். மாதாமாதம் ஈபிடி அட்டையில் பணம் ஏறும், கடையில் தேய்த்துக்கொள்ளலாம். காய்கறி, பழத்துக்குத் தனிச் சலுகை தந்தால் கூடுதலாக வாங்குவார்களா என்று மாசசூசெட்ஸின் ஹாம்ப்டன் கவுண்டியில் 2011-12ல் சோதித்தார்கள். குலுக்கலில் 7,500 குடும்பங்கள். ஒரு டாலருக்குக் காய் வாங்கினால் 30 சென்ட் உடனே அதே அட்டையில் திரும்ப ஏறும். மாதத்துக்கு 60 டாலர் வரை. சர்க்கரை, உப்பு, எண்ணெய் சேர்க்காத டின் காய், உறையவைத்த காய்க்கும் உண்டு. பழச்சாறுக்கும் உருளைக்கிழங்குக்கும் கிடையாது. (உருளையை வாங்கவைக்க யாரும் காசு தர வேண்டியதில்லை.)

பெரியவர்கள் நாளொன்றுக்குச் சாப்பிட்ட காய், பழம் ஏறக்குறைய கால் கப் கூடியது. அதாவது 26 சதவீதம். நல்ல பலன்தான். ஆனால் 60 டாலர் வரை கிடைக்கும் என்ற இடத்தில், ஒரு குடும்பத்துக்கு மாதம் சராசரியாகத் திரும்பி வந்தது 4 டாலர்கூட இல்லை. திட்டத்தில் சேராத கடையில் வாங்கினால் கணக்கில் வராது, ரொக்கம் கொடுத்தாலும் வராது. பெரிய கடைகளில் ஸ்கேனரே காயைப் பிரித்துவிடும். சின்னக் கடைகளில் கேஷியர் காயைத் தனியாகக் கூட்டி மெஷினில் தட்ட வேண்டும். வரிசை நீண்டுவிட்டால் அந்தப் பொறுமை எங்கே இருக்கும்?

2009ல் டெட்ராயிட்டில் தொடங்கிய 'டபுள் அப்' திட்டம் வேறு வழியில் போனது. உழவர் சந்தை மேசையில் அட்டையைத் தேய்த்து 20 டாலருக்கு டோக்கன் வாங்கினால், காய், பழத்துக்கு மட்டும் செல்லும் இன்னொரு 20 டாலர் டோக்கன் இலவசம். இதில் தொல்லை சில்லறை. அந்த டோக்கனுக்குப் பொதுவாக மீதி தர மாட்டார்கள். 1.60 டாலர் தக்காளிக்கு 2 டாலர் டோக்கன் நீட்டினால் 40 சென்ட் போச்சு. வியாபாரி டோக்கன் மதிப்புக்கு ஏற்ற விலையில் கூறு கட்டி வைத்தால் இந்த நஷ்டமே வராது.

2017ல் மாசசூசெட்ஸ் மாநிலம் முழுக்க உழவரிடம் நேரடியாக வாங்கும் காய்க்கு டாலருக்கு டாலர் கொடுத்தது. குடும்ப அளவைப் பொறுத்து மாத வரம்பு 40, 60, 80 டாலர். கூட்டம் எதிர்பார்த்ததைத் தாண்டியது, பணம் தீர்ந்தது, 2018 ஏப்ரலில் தற்காலிகமாக நிறுத்திவைத்தார்கள். விதைப்புக்குத் திட்டமிட்டிருந்த உழவருக்கும் அது அடி. நிறுத்துவதைவிட வரம்பைக் குறைப்பது மேல். 2024 டிசம்பரில் அதைத்தான் செய்தார்கள். ஆனால் தனி ஆளுக்கும் ஆறு பேர் வீட்டுக்கும் ஒரே 20 டாலர் என்று அப்போது வைத்ததுதான் இடித்தது.